சவுண்டு இருக்கு... படம் இல்ல!

உங்க வீட்டு டி.வி. திடீர்னு ஒருநாள் ரேடியோவா மாறியிருக்கா? ஆன் பண்ணா சிவப்பு லைட் எரியுது, செய்தி வாசிக்கிறவர் குரல் கணீர்னு கேக்குது, ஸ்க்ரீன் மட்டும் அமாவாசை! 'ரிப்பேர் பண்றது வேஸ்ட், புதுசு வாங்கிடுங்க'ன்னு மெக்கானிக்கும் கை கழுவிட்டாரா? கொஞ்சம் பொறுங்க பாஸ். ரூம் லைட்டை அணைச்சுட்டு, செல்போன் டார்ச்சை ஸ்க்ரீன்கிட்ட கொண்டுபோய் சாய்வா அடிங்க. உள்ளே மங்கலா உருவம் அசையுதா? அப்போ டி.வி. சாகலை. படத்துக்குப் பின்னாடி வெளிச்சம் கொடுக்கிற எல்.ஈ.டி. பட்டைதான் அவுட்!

செய்யாறுல தனியா இருக்கிற எங்க பாட்டியோட 32 இன்ச் டி.வி.க்கும் இதே வியாதிதான். ராத்திரி தூக்கம் வர்ற வரைக்கும் அவங்களுக்கு அதுதான் துணை. 'சத்தம் வருதுல்ல, அது போதும்டா'ன்னாங்க. அதைக் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியுமா? பிரிச்சேன். பேனலைக் கழற்றி, பாட்டி கட்டில்ல போர்வை விரிச்சுப் படுக்க வெச்சேன். உள்ளே இருந்த பட்டைகளை நியூஸ் பேப்பர்ல சுத்தி எடுத்துக்கிட்டு மறுநாள் காலையில சென்னைக்கு பஸ் ஏறிட்டேன். நேரா ரிச்சி ஸ்ட்ரீட்!

நீங்களும் ஒரு நடை போயிட்டு வாங்க. மெட்ரோன்னா அரசினர் தோட்டம், பறக்கும் ரயில்னா சிந்தாதிரிப்பேட்டை. ரெண்டுமே நடக்கிற தூரம்தான். பேர்தான் ஒரு ஸ்ட்ரீட்டே தவிர, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெருன்னு பக்கத்துத் தெருக்களும் சேர்ந்ததுதான் ஜனங்க சொல்ற ரிச்சி ஸ்ட்ரீட். ஞாயித்துக்கிழமை போய் ஷட்டரைப் பார்த்துட்டு வராதீங்க.

உள்ளே நுழைஞ்சதும் பைக், தள்ளுவண்டி, தலையில அட்டைப்பெட்டியோட ஓடுற லோடுமேன்னு இடிபடாம நடக்கிறதே பெரிய வித்தை. 'என்னா சார் வேணும்? லேப்டாப்பா, கேமராவா?'ன்னு நாலு பக்கமும் கை பிடிச்சு இழுப்பாங்க. முன்பக்கம் மினுமினுக்கிற பெரிய கடைகள் நமக்கு வேண்டாம். சந்துக்குள்ள போங்க. பீரோ அகலமே இருக்கிற கடை, கூரை வரைக்கும் குட்டிக் குட்டி டிராயர், ஒவ்வொண்ணு மேலயும் மார்க்கர்ல எழுதின நம்பர். அங்கேதான் நம்ம சரக்கு!

'டி.வி. பட்டை வேணும்ணா'ன்னு மொட்டையாக் கேட்டேன். கடைக்கார அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்கலை. 'பீஸ் இருக்கா?' நியூஸ் பேப்பரைப் பிரிச்சதும் ஆளே மாறிட்டார். நீளத்தை ஸ்கேல் வெச்சு அளந்தார், பல்புகளை எண்ணினார், மூணு வோல்ட்டா ஆறு வோல்ட்டான்னு டெஸ்டரைத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் பளிச்னு எரிய, ஒரே ஒரு பல்பு மட்டும் கருகிக் கிடந்தது. திருவிழா சீரியல் செட் மாதிரி எல்லாம் ஒரே வரிசையில கோத்திருக்கறதால, ஒண்ணு போனா மொத்தமும் இருட்டு. 'அந்த ஒரு பல்பை மட்டும் மாத்தினா போதாதாண்ணா?' 'மாத்தலாம். மத்ததும் அதே வயசுதான தம்பி? மறுபடி எத்தன தடவ பேனலைத் தூக்குவ?' முழு செட் சில நூறு ரூபாய்தான். ஒவ்வொரு பட்டையையும் எரிய வெச்சுக் காட்டின பிறகுதான் காசு வாங்கினார். நீங்களும் டெஸ்ட் பண்ணாம வாங்காதீங்க.

எதிர்க்கடையில தூசி படிஞ்ச பழைய ஈ.ஹெச்.டி. டிரான்ஸ்ஃபார்மர்கள் தொங்கிட்டிருந்துச்சு. பிக்சர் டியூப் டி.வி.க்கானது. சென்னையில 1975-ம் வருஷம் ஆகஸ்ட் 15-ம் தேதி தூர்தர்ஷன் ஆரம்பிச்சதுக்கு அப்புறம் வீட்டுக்குள்ள வந்த சாலிடேர், டயனோரா, 2006-ல இருந்து அரசாங்கம் இலவசமாக் கொடுத்த 14 இன்ச் கலர் டி.வி. எல்லாமே அந்த ஜாதிதான். பரண்ல ஒண்ணு கிடக்குதேன்னு முதல் ஆபரேஷனை அதுல ஆரம்பிச்சுடாதீங்க. கலர் டியூபுக்கு ஓடுறது 20,000 வோல்ட்டுக்கும் மேல. பிளக்கைப் பிடுங்கின பிறகும் டியூப் அந்தச் சார்ஜைப் பிடிச்சு வெச்சிருக்கும். எல்.ஈ.டி. டி.வி.யும் சாதுன்னு நினைக்காதீங்க. பவர் போர்டுல இருக்கிற பெரிய கண்டன்சர்ல 300 வோல்ட்டுக்கு மேல நிற்கும். அது இறங்கியாச்சான்னு மல்டிமீட்டர் வெச்சுப் பார்க்காம விரலைக் கொண்டுபோகாதீங்க. விவரம் தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்துல இல்லாம முதல் தடவை திறக்கவே வேண்டாம். வீர விளையாட்டு வேற இடத்துல வெச்சுக்கலாம்!

இன்னொரு கண்டம், பேனல். அப்பளம் மாதிரி கண்ணாடி. ஓரத்துல சினிமா ஃபிலிம் மாதிரி வளையிற பட்டைகள் ஒட்டியிருக்கும். அதுல ஒண்ணு கிழிஞ்சாலும் டி.வி. காலி. புது பேனல் வாங்குற காசுக்குக் கொஞ்சம் சேர்த்தா புது டி.வி.யே வந்துடும். எப்படித் தெரியும்கிறீங்களா? ஹாஸ்டல்ல சீனியர் விட்டுட்டுப் போன ஒரு டி.வி.யைத் தனி ஆளா தூக்கி, 'டிக்'னு ஒரு சத்தம் கேட்டவன் நான். அந்தச் சத்தம் இன்னும் கனவுல வருது. அதனால பேனலைத் தூக்க ரெண்டு பேர் கட்டாயம்.

திரும்பிப் போறதுக்குள்ள ராத்திரி ஆயிடுச்சு. கட்டில்ல பேனல், தரையில பாய் விரிச்சு பாட்டி. 'அது தூங்கட்டும், எழுப்பாதே'ன்னாங்க. காலையில பக்கத்து வீட்டு எலெக்ட்ரீஷியன் மாமாவைத் துணைக்குக் கூப்பிட்டுக்கிட்டேன். பழைய பசையைச் சுரண்டி, பட்டைகளை ஒட்டி, வெள்ளைத் தாள்களை எடுத்த வரிசையிலேயே அடுக்கி, பேனலை ரெண்டு பேரா மூச்சைப் பிடிச்சு இறக்கினோம். முதல் ஆன் நேரா பிளக்குல இல்ல, மாமாவோட சீரிஸ் போர்டுல. நடுவுல ஒரு 100 வாட்ஸ் குண்டு பல்பு. எங்கேயாவது ஷார்ட் இருந்தா பல்பு முழுசா எரிஞ்சு காட்டிக் கொடுத்துடும். அது லேசா மினுக்கிட்டு மங்கினது. ஸ்க்ரீன் வெளுத்துச்சு!

பேக்லைட் அளவைப் பாதிக்குக் குறைச்சு வெச்சேன். பட்டைக்கு ஆயுசு கூடும். ஆனா, மேல் மூலையில பளீர்னு ஒரு வெள்ளைப் புள்ளி! ஒட்டும்போது ஒரு பல்பு மேல இருந்த குட்டி லென்ஸ் கழண்டிருக்கு. சரி பண்ணணும்னா மறுபடி பேனலைத் தூக்கணும்.

'இருந்துட்டுப் போகட்டும், இன்னிக்கு என்ன சீரியல்னு பாரு'ன்னாங்க பாட்டி. நான் கிளம்பும்போது, 'அடுத்த லீவுல வந்து அந்தப் பொட்டை அழிச்சுட்டுப் போடா'ன்னும் அவங்கதான் சொன்னாங்க.