கூரையில் கீல் வைத்த கார்

ஸ்டுட்கார்ட் நகரத்து மெர்சிடிஸ் பென்ஸ் அருங்காட்சியகத்தில் லிஃப்ட் நம்மை நேரே உச்சி மாடிக்கு, 1886-ஆம் ஆண்டுக்குக் கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து சுழன்று சுழன்று கீழே இறங்க இறங்கக் காலம் முன்னே நகர்கிறது. 1950-களுக்கு வந்ததும் எல்லாருக்கும் கால் நின்றுவிடுகிறது. 300 எஸ்எல்! இரண்டு கதவுகளும் கடற்பறவையின் சிறகுபோல மேலே விரியும் கார்.

அந்தக் கதவு அழகுக்காக வைத்ததல்ல. மெல்லிய இரும்புக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பற்றவைத்த சட்டகம் இதன் எலும்புக்கூடு. எடை 50 கிலோ அளவுதான். அது வளையாமல் நிற்கப் பக்கவாட்டிலும் குழாய்கள் உயரமாக ஓடியாக வேண்டும். ஓடினால் வழக்கமான கதவுக்கு இடமில்லை. ஆகவே கீலைக் கூரைக்கு ஏற்றிவிட்டார்கள்.

கோடை ஞாயிறுகளில் அருங்காட்சியகத்துக்கு வெளியே பழைய கார்க்காரர்கள் கூடுகிறார்கள். நரைத்த தலைக்காரர் ஒருவர் தன் 300 எஸ்எல்லில் என்னை உட்கார்ந்து பார்க்கச் சொன்னார். முதலில் ஸ்டியரிங்கை மடக்க வேண்டும். பிறகு கதவுக்குக் கீழுள்ள அகலமான விளிம்பில் உட்கார்ந்து, கால்களை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். வேட்டி கட்டியவர் ஏறினால் மானம் போய்விடும். கட்டம் போட்ட துணி இருக்கை, இரண்டே பேருக்கு. ஜன்னல் கண்ணாடி இறங்காது. காற்று வேண்டுமென்றால் கழற்றித்தான் எடுக்க வேண்டும். வெயிலில் கதவைச் சாத்திய கொஞ்ச நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இருந்தும் இறங்க மனம் வரவில்லை.

நான் அங்கே போனது நண்பரின் டொயோட்டா கேம்ரி ஹைப்ரிடில். பின்சீட்டில் அவருடைய இரண்டு பிள்ளைகள். 1954-இல் நியூயார்க்கில் உலகத்துக்குக் காட்டப்பட்ட அந்த அதிசயத்தின் சக்தி 215 குதிரைத்திறன். பிள்ளைகள் பிஸ்கட் தூள் சிந்திவைத்திருந்த இந்தக் குடும்பக் காருக்கு 218! பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் வித்தையைச் சாலைக் காரில் துணிந்து காட்டியது 300 எஸ்எல். கேம்ரியின் எஞ்சினிலும் அதே வித்தை உண்டு. பழையதில் ஒரு குறும்பு: சாவியைத் திருப்பி அணைத்த பிறகும், எஞ்சின் முழுக்க நிற்கும்வரை பம்ப் பெட்ரோலை அனுப்பிக்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து அதைக் கெடுக்கும்.

வேகத்தில் பழையதுதான் அண்ணன். பின் அச்சின் பல்சக்கர விகிதத்தைப் பொறுத்து மணிக்கு 260 கிலோமீட்டர் வரை போகுமாம். கேம்ரி 180-உடன் நின்றுவிடும். ஆனால் 300 எஸ்எல்லின் வேகத்தை நிறுத்த நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வால் வெளியே வீசும். பாதுகாப்பு என்று பார்த்தால், மோதினால் தானே நசுங்கி உள்ளே இருப்பவரைக் காக்கும் உடல் அமைப்பு பிறந்ததும் மெர்சிடிஸில்தான். பொறியாளர் பேலா பரேனி யோசித்த அது 1959-இல் ஒரு செடான் காரில் வந்தது. அதைப் பார்க்க யாரும் வரிசையில் நிற்பதில்லை.

மொத்தம் 1,400 சிறகுக் கதவுக் கார்கள்தான் செய்தார்கள். இன்று ஒன்றின் விலை பத்து லட்சம் டாலரைத் தாண்டுகிறது. காசிருந்தால் நானும் வாங்கி நிறுத்துவேன், ஞாயிறு காலைக்கு மட்டும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஆட்டோபான் நெடுஞ்சாலையில் போகக் கேம்ரியே போதும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

போகிறவர்கள் திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். அன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.