பாக்சிக்கின் கூடை

போர்ட்டிக்சனுக்கு அருகில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். காற்றுத் திசை மாறும் மாலைகளில் எங்கள் லயத்து வாசலில் உப்பு வாடை வீசும். ஆயினும், எங்களுக்குக் கடலை அறிமுகப்படுத்தியது அலையன்று. ஒரு மலாய் மீனவரின் மிதிவண்டிக் கூடையே ஆகும்.

"தங்காச்சி, ஈக்கான்!" என்ற குரல் கேட்டதும் அம்மா சட்டியுடன் விரைவார். பாக்சிக் என்றே அவரை அழைத்தோம். விடியுமுன் சம்பானில் சென்று வலைவீசிப் பிடித்த கெம்போங் மீனைப் பிற்பகலில் கொணர்வார். காசில்லாத நாளில் கடன். சம்பள நாளில் கணக்குத் தீரும்.

1970களில் அக்கூடை இலேசாகத் தொடங்கியது. மலாக்கா நீரிணையில் இழுவைப் படகுகள் பெருகிய காலம் அது. பொறி பூட்டிய அப்படகுகள் பைபோன்ற மடியைக் கடலடியில் இழுத்துச் செல்பவை. நெருங்கிய கண்ணுடைய அம்மடியில் வளராத குஞ்சுகளும் சிக்கும். அவற்றுக்கு மலாய் மொழியில் 'ஈக்கான் பாஜா', அதாவது உரமீன், என்று பெயர். தீவனமாய் அரைபட்டவற்றுள் நாளைய கறிமீன்களும் இருந்தன.

வடக்கே பினாங்கு, பேராக் கரைகளில் இழுவைப் படகினருக்கும் சிறு மீனவருக்கும் மூண்ட மோதலில் உயிர்களும் பலியாயின. 1980இல் இந்தோனேசியா சாவா, சுமாத்திராக் கடல்களில் இழுவை மடியைத் தடைசெய்தது. 1981இல் மலேசியா கரையிலிருந்து 5 கடல் மைல் வரை சிறு மீனவர்க்கென ஒதுக்கியது. ஆனால், கடலில் வேலி ஏது? அத்துமீறல் ஓயவில்லை. தமிழகத்து இழுவை மடிகள் யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவரின் வலைகளை அறுத்த வழக்கும் இதுவே. 2017இல் இலங்கை அம்மடியைச் சட்டத்தால் தடுத்தது.

குற்றம் படகினருடையது மட்டுமா? சந்தையிலிருந்து லாரியில் வந்த மீன் சில காசு மலிவு. அம்மா அதையே வாங்கலானார். ஒரு மாலை, நான்கைந்து மீன்களுடன் பாக்சிக் வந்து நின்றார். "இன்று வேண்டாமென்று சொல்லிவிட்டு வா" என்று அம்மா என்னை அனுப்பினார். சொன்னேன். தலையசைத்த அவர், ஒரு மீனைப் படியில் வைத்துவிட்டுச் சென்றார். பின்னர் வரவேயில்லை.

ஆண்டுகள் பல கழிந்து, தோட்டம் விற்கப்பட்டு நாங்கள் மூட்டை கட்டிய நாளில்தான் அத்தலையசைப்பின் பொருள் எனக்கு விளங்கிற்று. கடல் அவருடையதன்று, மண் எங்களுடையதன்று. உழைப்பு ஒன்றே இருவர்க்கும் உரியதாயிருந்தது. அவ்வுழைப்பைச் சில காசுக்காக வேண்டாமென்று சொன்ன வாய் என்னுடையது. படியில் கிடந்த அந்த ஒரு மீனின் கணக்கு இன்னும் தீரவில்லை.