கொடுக்கல் வாங்கல்

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள். வாப்பாவிடமும் மச்சானிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறோம். யாரையும் குறை சொல்வதற்காக அல்ல.

போன மாதம் எங்கள் மாமா, உம்மாவின் நானா, மௌத்தானார். ஜனாஸாத் தொழுகைக்கு முன் அவருடைய மகன் எழுந்து வழக்கம்போலச் சொன்னார்: "எங்கட வாப்பாவோட யாருக்காவது கொடுக்கல் வாங்கல் இருந்தா எங்களிட்டச் சொல்லுங்க. நாங்க பொறுப்பு." முன் ஸஃப்பில் எங்கள் வாப்பா நின்றார். ஒன்றும் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை.

1990 இல் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் வாழ்ந்து, யுத்தம் முடிந்த பிறகு மன்னாருக்குத் திரும்பிய குடும்பம் எங்களுடையது. 2012 இல் வாப்பா, மாமா, மாமாவின் மகன் மூவரும் ஒரு மீன் கம்பனியைப் பதிந்தார்கள். ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. வாப்பாவின் பங்குக்குப் புத்தளத்துக் காணியும் உம்மாவின் நகையும் போயின. வாப்பா விடியற்காலையில் கரையில் நின்று மீன் எடுத்து, ஐஸ் போட்டு, லொறியைப் பேலியகொடைக்கு அனுப்புவார். கணக்கு மாமாவிடம். பங்கிலாபம் பிரித்ததே இல்லை, மாதச் சம்பளம் மட்டும்தான்.

2018 இல் ஒரு லொறி வாங்கிய கணக்கை வாப்பா கேட்டார். மூன்று மாதத்தில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. இரண்டுக்கு ஒன்று என்ற வாக்கில் அவரைப் பணிப்பாளர் பதவியிலிருந்து நீக்கியிருந்தார்கள். சம்பளமும் நின்றது. பங்கு இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. ஆனால் அதிலிருந்து ஒரு சதம் வருவதில்லை, விற்கப் போனால் வாங்க ஆளும் இல்லை.

பிறகுதான் சட்டத்தைத் தேடி வாசித்தோம். எங்கள் கதை லண்டனில் எப்போதோ நடந்து முடிந்திருந்தது. நாசர், இப்ராஹிமி இருவரும் பாரசீகக் கம்பளம் விற்ற சமபங்குக் கூட்டாளிகள். 1958 இல் வியாபாரத்தைக் கம்பனியாக்கினார்கள். நாசரின் மகனுக்கு இருவருமே தங்கள் பங்கில் கொஞ்சம் கொடுத்தார்கள். 1969 இல் தகப்பனும் மகனும் சேர்ந்து இப்ராஹிமியை நீக்கினார்கள். அங்கேயும் பங்கிலாபம் இல்லை, பணிப்பாளர் சம்பளம்தான். 1972 இல் பிரபுக்கள் சபை கம்பனியையே கலைக்க உத்தரவிட்டது. வாக்கு எண்ணிக்கை சட்டப்படி சரியாக இருந்தாலும், பரஸ்பர நம்பிக்கையில் கட்டிய கம்பனியில் அது மட்டும் நியாயமாகிவிடாது என்பதே தீர்ப்பின் சாரம்.

நம் நாட்டிலும் வழி இருக்கிறது. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் 224 ஆம் பிரிவின் கீழ், கம்பனி தன்னை ஒடுக்கும் விதத்தில் நடத்தப்படுகிறது என்று பங்குதாரர் நீதிமன்றத்தில் முறையிடலாம். ஆறு மாதமாக ஐந்து வீத வாக்குரிமை இருந்தால் போதும். ஒருவரின் பங்கை மற்றவர் வாங்க வேண்டும் என்றும் நீதிமன்றம் கட்டளையிடலாம். வாப்பாவிடம் சொன்னோம். "உம்மாட கூடப்பிறந்தவன நான் கோட்டுக்கு இழுக்கவா?" என்றார். அதோடு முடிந்தது.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. பிள்ளைகளின் பெற்றோர் கம்பனிப் படிவங்களைக் கொண்டுவந்து, "சேர், வாசிச்சுச் சொல்லுங்க" என்கிறார்கள். அண்ணன் தம்பி, மச்சான் மருமகன் சேர்ந்த கம்பனிகள். அவர்களிடம் மூன்று விஷயம் கேட்கிறோம். ஒருவர் விலகினால் அவருடைய பங்கை யார், என்ன விலைக்கு வாங்குவது? எல்லோரும் சம்மதிக்காமல் ஒரு பணிப்பாளரை நீக்க முடியுமா? வருடம் ஒருமுறை கணக்கை எல்லோருக்கும் காட்டுவது யார்? "சேர், நாங்க ஒரே குடும்பம்தானே" என்கிறார்கள். நாங்களும் ஒரே குடும்பம்தான். எழுதி வைப்பது சந்தேகம் அல்ல. சூரா அல்பகறாவின் 282 ஆவது வசனம் கடனை எழுதிக்கொள்ளச் சொன்னது ஈமான் கொண்டவர்களைப் பார்த்துத்தான்.

ஜனாஸா முடிந்த அன்றிரவு வாப்பா சொன்னார்: "மன்னிச்சிட்டேன் எண்டு சொல்லத்தான் ஆசை. எவ்வளவு எண்டு தெரியாம எத மன்னிக்கிற?"

அந்த வார்த்தையை அப்படியே மச்சானிடம் சொன்னோம். நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, கணக்குப் புத்தகங்களை எடுத்து வருகிறேன் என்றார். இன்னும் வரவில்லை, வருவார் என்று நம்புகிறோம்.

மாமாவின் கப்றை அல்லாஹ் விசாலமாக்குவானாக. எங்கள் இரு வீட்டுக்காகவும் துஆச் செய்யுங்கள்.