நமக்குக் கீழே யார்?

நம்மை மிதித்தவனைச் சாடி எழுதுவது எளிது. கை தட்ட ஆயிரம் பேர் உண்டு. நம் காலடியில் கிடப்பவர் யார் என்று குனிந்து பார்த்து எழுதவோ நெஞ்சுரம் வேண்டும். முதல் நூலிலேயே அந்த உரத்தைக் காட்டினார் ஓர் இளைஞர். கடலூர் மாவட்டத்துக்காரர், பெற்றோர் இட்ட பெயர் அண்ணாமலை, ஏடறிந்த பெயர் இமையம். நம்மைப் போலவே பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். 1994-இல் 'கோவேறு கழுதைகள்' க்ரியா வெளியீடாக வந்தபோது அவருக்கு வயது முப்பது.

கதைத் தலைவி ஆரோக்கியம், ஒரு வண்ணாத்தி. ஒடுக்கப்பட்ட மக்களின் துணியை வெளுப்பதே அவள் குடும்பத்துக்கு விதிக்கப்பட்ட பணி. பிள்ளைப்பேறு பார்ப்பாள், இழவு வீட்டில் நிற்பாள், களத்தில் நெல் தூற்றுவாள். கூலியோ, கொடுப்பவர் மனம் போல! அந்தி சாய்ந்தால் வீடு வீடாகச் சென்று சோறு கேட்க வேண்டும். மகள் மேரிக்கு நேர்ந்த கொடுமையைத் தட்டிக் கேட்க நாதியில்லை. எவரைச் சாதி ஊருக்கு வெளியே நிறுத்திற்றோ, அவர்களே இவளைத் தம் வாசலுக்கு வெளியே நிறுத்துகிறார்கள்! கிறித்தவம் தழுவிய குடும்பம். மகன் பீட்டரைச் சாமியாராக்கிவிட்டால் விடிந்துவிடும் என்று நம்புகிறாள். கோயில் மாறிற்று, குண்டான் மாறவில்லை!

ஆரோக்கியம் அழுகிறாள், மிகுதியாகவே அழுகிறாள். சில இடங்களில் குறைத்திருக்கலாம் என்று நமக்குத் தோன்றிற்று. ஆயினும் அவள் பேச்சு ஏட்டுப் பேச்சன்று, வாய்ப்பேச்சு.

சுந்தர ராமசாமி போன்றோர் நூலைப் போற்றினர். தலித் எழுத்தாளர் சிலரோ கடிந்தனர். பிறகு 2001-இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் அதனை ஆங்கிலமாக்கினார். வேறொரு நாவலான 'செல்லாத பண'த்துக்கு 2020-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருது கிட்டிற்று. விருது கிடக்கட்டும். அந்தக் கடிந்துரை நம் தேவாரத்திலும் ஒலித்ததைச் சொல்ல வேண்டும்.

விடியுமுன் ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறும் ஊர் இது. அப்படி ஏறி இறங்கிய தாயின் உழைப்பில் பட்டம் பெற்றவர் நம் தோழர் ஒருவர். ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்தவர். நூலைப் பாதி படித்துவிட்டுச் சினந்தார். "வீட்டுக் குப்பையை வீதியில் கொட்டலாமா? எதிரி சிரிக்கமாட்டானா?" என்றார்.

"எதிரி சிரிப்பான் என்று ஆரோக்கியம் அழாமல் இருக்க வேண்டுமா?" என்று கேட்டோம். மறுமொழி இல்லை. ஆனால் நூலைத் திருப்பித் தரவும் இல்லை.

மறுவாரம் வந்தார். தெருச் சாக்கடையை அள்ள வருபவருக்கு நம் வீட்டில் எதில் தண்ணீர் தருகிறோம் என்று தாயிடம் கேட்டாராம். தாய் வாய் திறக்கவில்லையாம். திண்ணை மாடத்தில் தனியே கவிழ்த்திருந்த குவளையைப் பார்த்தாராம்.