வசந்தமா, ஊற்றா?

பதுளையோடு புகைவண்டிப் பாதை முடிவடைகின்றது. 1924ஆம் ஆண்டில் இங்கு வந்து சேர்ந்த தண்டவாளம் அதற்கப்பால் ஓரடியும் நகரவில்லை. நமுனுகுல மலைச்சாரலைக் காண விழைவோர் இங்கே இறங்கிப் பஸ்ஸில் ஏறி, வளைந்து நெளிந்து செல்லும் மலைப்பாதையில் பயணத்தைத் தொடர வேண்டும். ஒருபுறம் தேயிலைச் சரிவு, மறுபுறம் பள்ளத்தாக்கு. நமுனுகுல என்னும் சிங்களப் பெயருக்கு ஒன்பது சிகரங்கள் என்பது பொருள். நாம் சென்ற காலையில் அவை யாவும் மேகத்துள் மறைந்திருந்தமையால், எண்ணிப் பார்க்கும் பேறு நமக்குக் கிட்டவில்லை.

ஸ்பிரிங்வெளி என்ற பெயர்ப்பலகையைக் கண்டதும், போர்த்துக்கேய மொழி பயின்றுவரும் மாணவர் ஒருவர் நம்மிடம் வினவினார்: "ஐயா, இந்தப் பெயரைப் போர்த்துக்கேய மொழியில் எழுத வேண்டுமானால் எப்படி எழுதுவது?"

வினா விநோதமானதுதான். ஆயினும் ஊவாவுக்கும் போர்த்துக்கேயருக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. 1630ஆம் ஆண்டில் கொன்ஸ்தந்தீனு த சா என்னும் படைத்தலைவன் பதுளை வரை வந்து ஊரைப் பாழ்படுத்தினான். திரும்பிச் செல்லும் வழியில் வெல்லவாயவை அடுத்த ரந்தெனிவெலவில் தன் படையோடு மடிந்தான். மலைநாட்டை ஆளும் பேறு அவர்களுக்கு வாய்க்கவேயில்லை. அவர்களுடைய சொற்களோ யாதொரு எதிர்ப்புமின்றி மலையேறிவிட்டன. சாவி, ஜன்னல், அலமாரி, மேசை என்று நாள்தோறும் நாம் கூறும் சொற்கள் யாவும் அவர்கள் விட்டுச் சென்றவையே.

இனி மாணவரின் வினாவுக்கு வருவோம். 'ஸ்பிரிங்' என்ற ஆங்கிலச் சொல் ஒன்றே. அது சுட்டும் பொருள்களோ பல. வசந்த காலமும் ஸ்பிரிங். நிலத்தினின்று சுரக்கும் ஊற்றும் ஸ்பிரிங். கடிகாரத்தினுள் இருக்கும் சுருள்வில்லும் ஸ்பிரிங். துள்ளிப் பாய்வதும் ஸ்பிரிங். போர்த்துக்கேய மொழியில் இவை ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் உண்டு. வசந்தம் 'பிரிமவேரா', ஊற்று 'நஸென்தெ', சுருள்வில் 'மோலா', துள்ளல் 'ஸால்தோ'. அகராதியைப் புரட்டி முதலில் காணும் சொல்லை எடுத்தெழுதுவோன், இம்மலையை வசந்தப் பள்ளத்தாக்காக்கிவிடுவான். இன்னும் விரைவுக்காரன் எவனாவது கடிகாரப் பள்ளத்தாக்காகவும் ஆக்கலாம்!

ஆனால் ஊவாவிலே ஐரோப்பியர் அறிந்த வசந்தம் ஏது? பனி உருகி மரங்கள் துளிர்க்கும் பருவம் இங்கில்லை. மழையும் காற்றுமே இங்கு ஆண்டைப் பகுக்கின்றன. ஆடி, ஆவணி மாதங்களில் வரண்ட காற்று வீசும்போதுதான் ஊவாத் தேயிலைக்குப் பெயர்பெற்ற மணம் உண்டாகின்றது. நீரோ, இம்மலைகளில் எங்கும் கசிகின்றது. பாறையிடுக்கில் சுரக்கும் நீரைப் பீலி வைத்துப் பிடித்துக் குடத்தில் நிரப்பிச் செல்வது மலையகத்துப் பெண்களின் பழைய வழக்கம். ஆதலின் 'நஸென்தெ' என்பதே தகும் என்று மாணவரிடம் கூறினோம். பிறப்பது என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். ஞாயிறு பிறக்கும் கிழக்குத் திசைக்கும் அதுவே பெயர். இலங்கை மலைநாட்டின் கிழக்குச் சரிவுக்கு இதனினும் பொருத்தமான சொல் கிடைக்குமோ?

தோட்டத்து மக்களோ இத்தொல்லை எதிலும் சிக்கவில்லை. 'ஸ்பிரிங்' என்பதை அப்படியே வைத்துக்கொண்டு, பள்ளத்தாக்கைக் குறிக்கும் 'வெலி' என்ற ஒலியைத் தமிழ் 'வெளி'யாக்கினர். வயல்வெளியும் புல்வெளியும் அறிந்தவர்களின் நாவிலே பள்ளத்தாக்கு திறந்த வெளியாகிவிட்டது. பொருளை மொழிபெயர்க்கவில்லை, ஒலிக்கு ஒரு பொருளைக் கொடுத்துவிட்டார்கள்.

ஆங்கிலம் ஒன்றாய்க் கட்டியதைப் போர்த்துக்கேயம் அவிழ்த்துப் பிரிப்பதற்கு வேறு சான்றுகளும் உள. ஆங்கிலத்தில் பூட்டைத் திறப்பதும், பியானோவில் விரல் பதிப்பதும், வரைபடத்தின் குறிவிளக்கமும் 'கீ' என்ற ஒரே சொல்லால் வழங்கும். போர்த்துக்கேயருக்கு முதலாவது மட்டுமே 'சாவே'. அதுவே நம் சாவி. யாழ்ப்பாணத்தார் அதனைத் திறப்பு என்பர். இரண்டில் திறப்பே நமக்கு அழகாய்ப் படுகின்றது. இனி 'பேங்க்' என்பதைப் பாருங்கள். ஆற்றங்கரைக்கும் பணம் போடும் இடத்துக்கும் ஆங்கிலத்தில் அது ஒன்றே. போர்த்துக்கேயத்தில் கரை 'மார்ஜெம்', பணம் போடுமிடம் 'பாங்கோ'. அந்தப் பாங்கோ அமரும் பலகையையும் குறிக்கும். நம் பள்ளிப் பிள்ளைகள் அமரும் 'வாங்கு' அதிலிருந்து வந்ததே!

1679ஆம் ஆண்டில் கேரளத்து அம்பலக்காட்டில் அந்தாம் தெ புரொயென்சா பாதிரியாரின் தமிழ்-போர்த்துக்கேய அகராதி அச்சேறியது. அவர் மறைந்து பல ஆண்டுகள் சென்ற பின்னரே அது வெளிவந்தது. தமிழரோடு பழகி அவர் திரட்டிய சொற்கள் அதில் உள்ளன. ஆனால் அவர் தேயிலைத் தோட்டத்தைக் கண்டவரல்லர். கண்டிருந்தால் இங்கே வழங்கும் தமிழ் அவரையும் திகைக்க வைத்திருக்கும்.

தோட்டத்தில் ஆங்கிலேயர் 'ஃபீல்ட்' என்றதை நம் மக்கள் வயல் என்று கூறவில்லை, மலை என்றனர். ஐந்தாம் நம்பர் மலை, ஏழாம் நம்பர் மலை என்றே கணக்கு. 'மலைக்குப் போய்விட்டாள்' என்றால் கொழுந்தெடுக்கச் சென்றாள் என்பது பொருள். இதனைப் போர்த்துக்கேயத்தில் சொல்லுக்குச் சொல் எழுதினால், அவள் சிகரம் ஏறப் புறப்பட்டாள் என்றே படிப்போர் எண்ணுவர்.

'பேர்' என்ற சொல் இதனினும் கடினமானது. பிறந்த குழந்தைக்கு இடுவதும் பேர். ஒரு நாள் வேலைக்குக் கணக்கில் பதிவதும் பேர். பறித்த கொழுந்து நிறுவையில் குறைந்துபோனால் 'அரைப் பேர்' என்பர். மாணவர் தம் குறிப்பேட்டில் பேர் என்றெழுதி, அதனருகே 'நோமெ' என்று போர்த்துக்கேயத்திலும் எழுதியிருந்தார். அதை நாம் அடிக்கச் சொன்னோம். பெயரில் பாதியை இழந்தவள் என்று லிஸ்பனில் இருப்பவர் படித்துவிடுவார். இங்கே அவள் இழந்தது அன்றைய கூலியில் பாதி. 'அரைநாட் கூலி' என்றே எழுதும்படி கூறினோம்; சொல் நீண்டாலும் குற்றமில்லை.