புதிய மீனும் பழைய பொய்யும்

பத்திரிகையில் திருத்தம் வெளியிடுவது எனக்குப் பழகிய வேலை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தி மேசையில் இருந்தவன் என்ற வகையில், பெயர் மாறிய செய்திக்கும் வயது பிழைத்த செய்திக்கும், உயிரோடிருந்தவரைக் காலமானவராக்கிய செய்திக்கும் மறுநாளே நான்கு வரித் திருத்தம் எழுதியிருக்கிறேன். பிழையை மூடி மறைக்க முயன்ற இளைய நிருபர்களைக் கடிந்துமிருக்கிறேன். ஆனால், என் சொந்த வீட்டில் நானே பரப்பிய ஒரு பொய்ச் செய்தியைத் திருத்த எனக்கு ஏழு மாதங்கள் சென்றன. அதுவும் ஒரு மீனின் பொருட்டே நடந்தது.

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன்னறையில் ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் கொண்ட கடல்நீர் மீன்தொட்டி ஒன்று இருக்கிறது. 2015 ஆம் ஆண்டில் அதை அமைத்தவன் என் மகன். பவளப்பாறையை உடைத்தெடுப்பது இந்நாட்டில் குற்றம் என்பதால், சீமெந்தையும் சிப்பித் துகளையும் குழைத்துத் தானே பாறைகளை வார்த்தான். அவற்றின் காரம் போகும்வரை வாரக்கணக்கில் நன்னீரில் ஊறவைத்தான். பிறகு தொட்டியில் லீற்றருக்கு 35 கிராம் வீதம் கடலுப்புக் கலவை கரைத்து, மீன் ஒன்றும் விடாமல் ஒன்றரை மாதம் காத்திருந்தான். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதனை நஞ்சு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் பாறைகளில் குடியேறும்வரை தொட்டிக்கு உயிரில்லை என்பது அவன் சொல்லித்தந்த முதற் பாடம். வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு ஒன்றரை மாதம் இருக்க முடிந்த அவனது பொறுமை யாரிடமிருந்து வந்தது என்று மனைவியும் நானும் பேசிக்கொண்டதுண்டு. என்னிடமிருந்து வரவில்லை என்பதில் இருவருக்கும் ஐயமில்லை.

2019 இல் அவன் மேற்படிப்புக்காக மெல்பேர்ணுக்குப் போனபோது தொட்டி என் பொறுப்பாயிற்று. அப்போது அதில் எட்டு மீன்கள் இருந்தன. மூத்தது ஒரு பாய்ச்செட்டை மீன். முதுகுச் செட்டையையும் அடிச்செட்டையையும் ஒருங்கே விரித்தால் பாய்மரம் ஏற்றிய தோணி போலத் தோன்றும். வீட்டில் எல்லோரும் அதைப் ‘பெரியவர்’ என்றே அழைத்தோம். ஒரு சோடிக் கோமாளி மீன்களும் சில சிறு மீன்களும் இருந்தன. இவை தவிர, மகன் எட்டு மாதம் பாடுபட்டு உணவெடுக்கப் பழக்கிய வண்ணத்துப்பூச்சி மீன் ஒன்றும் இருந்தது. போகும்போது அதன் முன்னால்தான் அவன் அதிக நேரம் நின்றான்.

2022 பெப்ரவரியில் நான் ஒரு ‘பவுடர் புளூ’ வாங்கினேன். இலங்கைக் கரைகளிலும் இந்து சமுத்திரத்தின் பிற பவளப்பாறைகளிலும் வாழும் மீன் அது. உடல் இளநீலம், முகம் கறுப்பு, முதுகுச் செட்டை மஞ்சள், நெஞ்சு வெள்ளை. 1833 இல் பெனற் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் இட்ட அறிவியற் பெயரின் பின்பாதிக்கும் ‘வெண்ணெஞ்சு’ என்றே பொருள். யாழ்ப்பாணத்தில் நாம் கறிக்கு வாங்கும் ஓராவைப் போலப் பாசி மேய்வது. ஓராவின் முள் முதுகில் இருக்கும். இதற்கு வாலின் அடியில், இருபுறமும் சத்திரவைத்தியரின் கத்திபோல ஒவ்வொன்று. அழகுக்கு ஈடாகத் தொல்லையும் கொண்ட மீன் இது. எளிதில் நோயுறும், புது இடத்தில் உணவெடுக்க மறுக்கும், தன்னினத்தைப் போன்ற எதையும் பக்கத்தில் சகிக்காது.

இவையெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தன. தெரிந்தும், ஏற்றுமதியாளர் ஒருவர் செட்டை கிழிந்ததென்று ஒதுக்கிய மீன் மலிவாகக் கிடைத்ததால், அன்று மாலையே அதைப் பெரிய தொட்டியில் விட்டேன். மகனுக்குப் படம் அனுப்பி வியப்பூட்ட வேண்டும் என்பது என் அவசரம். பதிப்பு நேரத்துக்கு முன் பக்கத்தை முடித்தே பழகிய கை அது.

ஐந்தாம் நாள் அதன் உடலில் உப்புத் தூவினாற்போல வெண்புள்ளிகள் தோன்றின. பன்னிரண்டு நாட்களில் அந்த மீனும், ஏற்கெனவே இருந்தவற்றில் ஐந்தும் இறந்தன. வண்ணத்துப்பூச்சி மீனும் அவற்றுள் ஒன்று. பெரியவரும் கோமாளிச் சோடியும் மட்டும் எஞ்சினர்.

நாட்டில் அப்போது மின்வெட்டு நாளுக்கு நாள் நீண்டுகொண்டிருந்தது. மார்ச் முடிவில் அது நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனது வாசகர்களுக்கு நினைவிருக்கும். மகன் தொலைபேசியில் மீன்களைப் பற்றிக் கேட்டபோது, “கரண்ட் இல்லை தம்பி, காற்றுப் பம்பி நிண்டு போச்சு, மூச்சடைச்சுச் செத்துப்போச்சுதுகள்” என்று சொல்லிவிட்டேன். அந்த நாட்களில் மின்வெட்டின் மேல் எதைப் போட்டாலும் எவரும் நம்பினார்கள். அவனும் நம்பினான். “நீங்கள் என்ன செய்வியள் அப்பா” என்று என்னைத் தேற்றவும் செய்தான்.

ஒக்ரோபர் மாதம் அவன் ஒரு செய்தி சொன்னான். தைப்பொங்கலுக்கு வீட்டுக்கு வருகிறான். மூன்று வருடங்களுக்குப் பின் முதல் வருகை. அதற்கு முன் இன்னொரு பவுடர் புளூவை முறைப்படி வாங்கி வளர்த்துப் பார்ப்போம் என்றான். தெரிந்த ஒருவரிடம் சொல்லி வைப்பதாகவும், ஒவ்வொரு படியையும் தானே தொலைபேசியில் சொல்லித்தருவதாகவும் சொன்னான். புதிய மீனைச் சிறிய தொட்டியொன்றில் ஆறு வாரம் தனிமைப்படுத்த வேண்டும். கொவிட் காலத்தில் நாமெல்லாம் பழகிய விடயம்தான். பிறகு, மிக இயல்பாக ஒரு வாக்கியம் சொன்னான்:

“சின்னத் தொட்டிக்குப் புதுப் பஞ்சு போட்டா பற்றீரியா பிடிக்க ஒரு மாதம் செல்லும் அப்பா. பெரிய தொட்டிக்குள்ள கிடக்கிற பஞ்சை எடுத்து அதுக்குள்ள போடுங்கோ. அது சுத்தமான தொட்டிதானே.”

நான் பேசாமலிருந்தேன். அந்தத் தொட்டி சுத்தமானதல்ல.

வெண்புள்ளி நோயைத் தருவது கிரிப்ரோகாரியோன் என்னும் நுண்ணிய ஒட்டுண்ணி. மீனின் தோலுக்குள் சில நாட்கள் இருந்து தின்று கொழுத்து, பின் உதிர்ந்து, பாறையிலோ மணலிலோ பஞ்சிலோ ஓடு கட்டிக்கொண்டு ஒட்டியிருக்கும். அந்த ஓட்டுக்குள் அது நூற்றுக்கணக்காகப் பெருகி, நாட்கள் அல்லது வாரங்கள் கழித்து வெளியேறி மறுபடி மீனைத் தேடும். ஒன்றிரண்டு நாட்களுக்குள் மீன் கிடைக்காவிட்டால் இறந்துவிடும். நோயில் தப்பிய மீன்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி வந்துவிடுவதால் அவை நலமாகத் தோன்றும். ஆனால் ஒட்டுண்ணியைச் சுமந்துகொண்டிருக்கவும் கூடும். பெரியவர் இடைக்கிடை பாறையில் உடலை உரசுவதையும், செட்டையில் ஒரு புள்ளி தோன்றி மறைவதையும் நான் அந்த ஏழு மாதமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆக, புதிதாக வருபவனைச் சந்தேகித்து ஆறு வாரம் மறித்து வைக்கப் போகிறோம். நோயோ உள்ளே, நெடுநாள் குடியிருப்பவர்களிடம் இருக்கிறது. அந்தப் பஞ்சைப் போட்டால் மறித்து வைக்கும் தொட்டியிலேயே நோய் காத்திருக்கும். என் பொய் ஒரு பழைய மரணத்தின் காரணத்தை மட்டும் மாற்றவில்லை. இனி நடக்கப்போகும் மரணத்துக்கும் வழி செய்துவிட்டது. தவறான செய்தியின் இயல்பே இதுதான் என்று பயிற்சி வகுப்புகளில் நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

“தம்பி, அந்தப் பஞ்சு வேண்டாம்” என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அன்று மாலையே மீனை விட்டது, வெண்புள்ளி, பன்னிரண்டு நாட்கள், வண்ணத்துப்பூச்சி மீன், மின்வெட்டுக் கதை.

மறுமுனையில் சத்தமில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு அவன் கேட்டான்: “அதுக்குப் பிறகு தொட்டி ஒருநாளெண்டாலும் மீனில்லாமல் இருந்ததா?” இல்லை என்றேன். “அப்ப பெரியவரையும் மற்ற ரெண்டையும் வெளியில எடுக்க வேணும்” என்றான். மன்னித்ததாகவோ மன்னிக்கவில்லையென்றோ எதுவும் சொல்லவில்லை. வண்ணத்துப்பூச்சி மீனைப் பற்றியும் பேசவில்லை. அடுத்த இரண்டு நாட்கள் அவனிடமிருந்து அழைப்பும் இல்லை. மூன்றாம் நாள், என்னென்ன செய்ய வேண்டும் என்று இலக்கமிட்டு எழுதிய நீண்ட மின்னஞ்சல் ஒன்று வந்தது.

ஒக்ரோபர் 15 ஆம் திகதி பாறைகள் அனைத்தையும் தூக்கி மூன்று மீன்களையும் பிடித்தோம். ஒரு பெரிய பிளாஸ்ரிக் தொட்டியில் அவற்றை விட்டு, முப்பது நாட்கள் செப்பு மருந்து கொடுத்தோம். செப்பு இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும் என்பதால் பெரிய தொட்டியில் அதை ஊற்றவியலாது. அந்தத் தொட்டி 76 நாட்கள் மீனின்றி இருக்க வேண்டும். கடல்மீன் வளர்ப்போர் வழமையாகச் சொல்லும் கணக்கு அது. மீன் கிடைக்காத ஒட்டுண்ணி அதற்குள் அழிந்துபோகும். பற்றீரியா பட்டினி கிடக்காமல் இருக்க, இரண்டு நாளைக்கொரு தடவை வெறும் தொட்டிக்குள் ஒரு சிட்டிகை உணவு போட்டேன். “மீனில்லாத தொட்டிக்குச் சாப்பாடு போடுறியள், எனக்கு ஒருநாள் தேத்தண்ணி போட்டுத் தந்திருக்கிறியளே?” என்று மனைவி கேட்டார். அதற்கும் பதில் இருக்கவில்லை.

புதிய பஞ்சு தயாரானதும், நவம்பர் நடுப்பகுதியில் மீன் வந்தது. பைக்குள் இருந்த நீரின் சாரடர்த்தி 1.021. சிறிய தொட்டியின் நீரையும் அதே அளவுக்கு முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தேன். பையை இருபது நிமிடம் மிதக்கவிட்டு வெப்பநிலை சமமானதும் தாமதிக்காமல் மீனை மாற்றினேன். பயணத்தின்போது பைக்குள் அமோனியா சேர்ந்திருக்கும். பையைத் திறந்து காற்றுப் பட்டதும் அதன் நஞ்சு கூடும். ஆகவே இந்த ஒரு கட்டத்தில் மட்டும் நிதானம் ஆபத்து. பைநீரில் ஒரு துளியும் தொட்டிக்குள் போகவில்லை. பின்னர் பல நாட்களில், சிறிது சிறிதாக 1.025 வரை உயர்த்தினேன்.

மூன்று நாட்கள் அது ஒன்றும் தின்னவில்லை. ஒரு குழாய்த் துண்டின் பின்னால் நின்றுகொண்டது. ஜப்பானிய உணவுக்குரிய, சுவையூட்டாத கடற்பாசித் தாளைக் கல்லில் கட்டி வைத்தேன், திரும்பியும் பார்க்கவில்லை. உறைய வைத்த சிறு இறாலும் பயனளிக்கவில்லை. பாசி மேயும் மீனுக்கு நாள் முழுதும் கொறிக்க வேண்டும். பட்டினி நீண்டால் பிழைக்காது. ஆனால் மகனின் மின்னஞ்சலில் ஏழாம் இலக்கத்தின் கீழ் ஒரு யோசனை இருந்தது. அதன்படி ஒரு மாதமாக மொட்டைமாடியில், உப்புநீர் வாளியொன்றில் சில கற்களை வெயிலில் வைத்திருந்தேன். அவற்றில் பச்சைப் பாசி படர்ந்திருந்தது. நாலாம் நாள் அதிலொன்றை உள்ளே வைத்தேன். அரை மணித்தியாலம் கழித்து அந்த மீன் வந்து கல்லை ஒருதரம் கொத்தியது. பிறகு நிறுத்தவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாசிக் கல்லோடு சேர்த்துக் கட்டிய கடற்பாசித் தாளை ஒரு வாரத்தில் ஏற்றுக்கொண்டது. உணவெடுக்கத் தொடங்கிய பின்னரே அதற்கும் செப்பு மருந்து, மிக மெதுவாக அளவை உயர்த்தி.

அந்நாட்களிலும் தினமும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் மின்வெட்டு இருந்தது. மின்கலத்தில் இயங்கும் சிறிய காற்றுப் பம்பி ஒன்று அவ்வேளைகளில் கைகொடுத்தது. ஒரு மீனும் மூச்சடைத்துச் சாகவில்லை. இதை நான் எழுதியாக வேண்டும்.

டிசெம்பர் 31 ஆம் திகதி இரவு, விளக்கணைத்த பெரிய தொட்டிக்குள் புதிய மீன் தனியே இறங்கியது. பாறைகளைக் கழற்றி வேறு விதமாக அடுக்கியிருந்ததால் அங்கே எவருக்கும் பழைய உரிமை இல்லை. மறுநாள் கோமாளிச் சோடி. சண்டைக்காரனைக் கடைசியாக விட வேண்டும் என்பது விதி. எனவே ஜனவரி 3 ஆம் திகதி, ஓட்டைகளிட்ட பிளாஸ்ரிக் கூடை ஒன்றுக்குள் பெரியவர் தன் சொந்த வீட்டுக்கு விருந்தாளியாகத் திரும்பினார். நாலைந்து நாள் கூடைக்குள் வைத்து, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துப் பழகிய பின்னரே திறக்க வேண்டும் என்று மின்னஞ்சல் சொல்லியிருந்தது.

தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பாக மகன் வந்து சேர்ந்தான். பயணப் பெட்டியை வாசலில் விட்டுவிட்டுத் தொட்டியின் முன்னால் கதிரையைப் போட்டு அமர்ந்தான். இளநீல மீன் ஒரு முனையில் பாறையைக் கொறித்துக்கொண்டிருந்தது. பெரியவர் மறுமுனையில் பாயை விரித்து நின்றார். வெகுநேரம் பார்த்த பின் சொன்னான்:

“அப்பா, பெரியவற்ற வாலடியில ஒரு வெட்டுக் காயம் கிடக்கு.”

“மூண்டாம் திகதி இரவு எட்டரைக்கு” என்றேன். “ரெண்டும் அமைதியா நிண்டதைப் பார்த்து அண்டைக்கே கூடையைத் திறந்திட்டன். புதுசு வாலைத் திருப்பி ஒரு வீச்சு. திரும்பக் கூடைக்குள்ள விட்டு அஞ்சு நாள் வச்சிருந்தன். பிழை என்னுடையது.”

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு, காயம் ஆற எவ்வளவு நாள் செல்லும் என்று கணக்குச் சொல்லத் தொடங்கினான். மாத முடிவில், அவன் திரும்பிப் போவதற்கு முதல்நாள், அது ஆறிப்போயிருந்தது.