இறாலும் தயிரும், கூடவே கொஞ்சம் உப்பும்

சம்பா அறுவடை வேலையில ரெண்டு வாரமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியல.

காணும் பொங்கலுக்கு மகள், சென்னை ஆபீஸ் நண்பர்கள் எட்டுப் பேரைக் கூட்டிக்கிட்டு வந்தா. வர்றதுக்கு முன்னாடியே போன்ல உத்தரவு போட்டுட்டா.

"அப்பா, இறால்ல ஒரு டிப் பண்ணணும். ஜில்லுனு இருக்கணும்."

"டிப்புன்னா என்னடி?" இது என் மனைவி.

"தொட்டுக்கிறதும்மா."

"அப்ப தொட்டுக்கன்னு சொல்லேன். அதுக்கு ஏன் இங்கிலீசு?"

கடையில விக்கிற மயோனைஸ் வேண்டாம், நம்ம வீட்டுத் தயிரை வடிகட்டிப் பண்ணலாம்னு முடிவாச்சு. அங்கதான் எங்கம்மா குறுக்கே வந்தாங்க. "மீனோட தயிரா? ஒடம்புல வெள்ளை விழும்டா." வெண்படை வர்றது தோல்ல நிறம் கொடுக்குற செல்கள் அழியறதால, சாப்பாட்டால இல்லைன்னு மகள் விளக்கினா. ஆனா ஆயுர்வேதத்துலயே மீனும் பாலும் ஒண்ணா சேராதுன்னு இருக்கு. எண்பது வயசுக்கு மேல அம்மா நம்பிக்கையை மாத்தி என்ன ஆகப்போவுது? ரெண்டு கிண்ணம் பண்றதுன்னு சமாதானம் ஆச்சு. ஒண்ணு தயிர்ல, ஒண்ணு தேங்காய்ல.

அடுத்த பிரச்சினை, இறால் எங்க வாங்குறது. எங்க பக்கத்து ஊர்க்காரங்களுக்கு இது ஏன் பிரச்சினைன்னு புரியும். மத்தவங்களுக்குச் சொல்றேன்.

என் வயலுக்கு வடக்கே இருந்த பெரியப்பா மகனோட நிலம் இப்ப இறால் குட்டை. அண்ணன் அதைக் குத்தகைக்கு விட்டு அஞ்சு வருஷம் ஆச்சு. குட்டையில நிக்கிறது உப்புத் தண்ணி. அது கரையோட நிக்காது, மண்ணுக்கு அடியில கசிஞ்சு வரும். வடக்கு ஓரம் மூணு மா எனக்கு இப்ப சரியா விளையறதில்லை. பயிர் நுனி கருகி நிக்கும், வெயில் காலத்துல மண்ணு மேல வெள்ளையாப் பூக்கும். இதைக் கேட்கப் போய் வார்த்தை தடிச்சு, ரெண்டு வருஷமா அண்ணனும் நானும் பேசிக்கிறதில்லை.

இது எங்க ஒரு குடும்பத்துக் கதை இல்ல. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் ஐயா தொடுத்த வழக்குல, 1996 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம், விளைநிலத்தை இறால் குட்டையா மாத்தக் கூடாதுன்னே தீர்ப்பு சொல்லுச்சு. அப்புறம் 2005-ல கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்குத் தனிச் சட்டமும் ஆணையமும் வந்து, பதிவு, அனுமதின்னு வேற கணக்கு ஆயிடுச்சு.

அதனால பண்ணை இறால் என் வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு வெச்சிருந்தேன். முத்துப்பேட்டை போய், காயல்ல பிடிச்ச வெள்ளை இறால் ரெண்டு கிலோ வாங்கிட்டு வந்தேன். தலையும் ஓடும் போனா பாதிதான் தேறும், அதைக் கணக்குல வெச்சு வாங்குங்க.

அன்னைக்குக் காலையில வாசல்ல பைக் சத்தம். அண்ணன். கையில ஐஸ் போட்ட பெட்டி, உள்ள மூணு கிலோ வனாமி.

"பாப்பா கூட்டாளிங்க வந்திருக்காங்கன்னு சொன்னாங்க..." அதுக்கு மேல அவருக்கும் பேச்சு வரல.

நான் திண்ணையை விட்டு எழுந்திருக்கல. உள்ளேருந்து அம்மா குரல்தான் வந்துச்சு. "வாசல்ல வந்தவனை நிக்க வெச்சுப் பார்த்துக்கிட்டு இருக்காதடா. வாங்கி உள்ள வை." மகள் ஓடிப்போய் பெட்டியை வாங்கிட்டா. "பெரியப்பா, உரிக்க ஆள் வேணும், போயிடாதீங்க."

கொல்லையில உட்கார்ந்து அண்ணனும் நானும் அஞ்சு கிலோவையும் உரிச்சோம். முதல் கிலோ முடியிற வரைக்கும் பேச்சே இல்ல. அப்புறம் அவரா சொன்னாரு: "மூணு போகம் வெள்ளத்துல போச்சு தம்பி. பேங்க்ல நகை. குத்தகைப் பணம் வரலைன்னா நிலத்தையே வித்திருப்பேன்." எனக்கு அது தெரியாததில்ல. ஆனா அவர் வாயால கேட்டது அன்னைக்குத்தான்.

"என் மூணு மா போச்சேண்ணே," ன்னேன்.

"தெரியும்டா," ன்னாரு. அவ்வளவுதான்.

சரி, செய்முறைக்கு வர்றேன். முதுகுல இருக்குற கறுப்பு நரம்பைக் கீறி எடுத்துடணும். உப்பு, மஞ்சள், தட்டின மிளகு போட்டுக் கொதிக்கிற தண்ணியில இறாலைப் போட்டு ரெண்டு மூணு நிமிஷம். அரை நிலா மாதிரி வளைஞ்சா பதம், மோதிரம் மாதிரி சுருண்டா ரப்பர். உடனே வடிச்சு ஐஸ் தண்ணியில கொட்டுங்க. ஆறினதும் ஈரம் போகத் துடைச்சுப் பொடியா நறுக்கணும்.

புளிக்காத தயிரை முந்தின ராத்திரியே வெள்ளைத் துணியில கட்டித் தொங்கவிடணும், ஃபிரிட்ஜ்ல வெச்சா புளிக்காது. கெட்டியா நிக்கிற அந்தத் தயிர்ல இறால், பொடியா அரிஞ்ச சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், மல்லித்தழை, மிளகுத்தூள், உப்பு. எலுமிச்சை கடைசியில. அம்மா கிண்ணத்துக்கு தேங்காய், காஞ்ச மிளகாய், பூண்டு, துளி புளி வெச்சு அம்மியில அரைச்சு, அதுல இறாலைச் சேர்த்தோம். ரெண்டையும் ரெண்டு மணி நேரம் ஃபிரிட்ஜ்ல வெச்சோம். பரிமாறும்போது அகலத் தாம்பாளத்துல ஐஸ் பரப்பி அது மேல கிண்ணம். இறால் சமாச்சாரம், ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளியில வெக்காதீங்க.

தொட்டுக்க வெள்ளரிப் பிஞ்சு, அரிசி அப்பளம், பொங்கலுக்குச் சுட்ட முறுக்கு. முறுக்குதான் முதல்ல காலியாச்சு. சென்னைப் பசங்க அம்மா கிண்ணத்தையே சுத்திக்கிட்டு இருந்தாங்க. அம்மா யாருக்கும் தெரியாம தயிர்க் கிண்ணத்துல ஒரு விரல் தொட்டு நாக்குல வெச்சுப் பார்த்ததை நான் பார்த்தேன். காயல் இறால் எது, குட்டை இறால் எதுன்னு தின்னவங்க யாருக்கும் தெரியல. உரிச்ச எங்க ரெண்டு பேருக்குத் தெரியும்.

போகும்போது அண்ணன் வரப்பு வரைக்கும் வந்து நின்னாரு. ரெண்டு நிலத்துக்கும் நடுவுல, அவர் பக்கத்துல, ஆழமா ஒரு வாய்க்கால் வெட்டி கசிவை வடிய விடலாம்னு பேசியிருக்கோம். குத்தகைக்காரர்கிட்ட அவரே பேசுறேன்னு சொல்லியிருக்காரு. நான் அந்த மூணு மாவுல தக்கைப்பூண்டு விதைச்சு மடக்கி உழுது, மழைத் தண்ணியை நிறுத்தி உப்பைக் கழுவிப் பார்க்கப் போறேன். உப்பு ஒரு வருஷத்துல போயிடாது. சித்திரைக்குள்ள வாய்க்கால் வெட்டினா இங்க படம் போடுறேன்.